கண்ணில் கல் தெறிச்சிடுச்சா? "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் பார்வைக்கே ஆபத்து! எந்தக் கோளாறுக்கு எவ்வளவு நேரத்தில் டாக்டரிடம் ஓட வேண்டும்?

சதுரங்கப்பட்டினம்:-

மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் உளி பட்டு கல் சில்லு தெறிக்கும். மெய்யூர்குப்பம், உய்யாலிகுப்பம், கொக்கிலமேடு பக்கம் வலையை உதறும்போது மீன் முள்ளும் தூண்டில் முள்ளும் முகத்துக்கு நேரே வரும். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டினால் கிளை கண்ணில் அடிக்கும். வயலில் கதிர் அடிக்கும்போது நெல்லின் சுணை விழும். கட்டிட வேலையில் சிமெண்டு, சுண்ணாம்பு. கிழக்கு கடற்கரை சாலையில் சாயங்காலம் பைக்கில் போனால் பூச்சி.

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் கடலோரத்தில் கண்ணுக்கு ஆபத்து வர இப்படிப் பல வழி இருக்கிறது. ஆனால் அடிபட்ட பிறகு பெரும்பாலோர் சொல்வது ஒரே வார்த்தைதான். "தூசிதானே, தூங்கி எழுந்தா சரியாயிடும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. செங்கல்பட்டு போக வர பஸ் செலவு வேறு. கண்ணும் லேசாகத்தான் உறுத்துகிறது. இப்படிக் கணக்குப் போட்டு இரண்டு நாள் தள்ளிப் போடுகிறவர்கள்தான் பிறகு மாசக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார வேண்டி வருகிறது. சிலருக்கு அந்தக் கண் திரும்புவதே இல்லை.

எல்லாக் கண் கோளாறுக்கும் நடுராத்திரியில் ஓட வேண்டியது இல்லை. எதற்கு நிமிஷக் கணக்கு, எதற்கு மணிக் கணக்கு, எதற்கு அன்றைக்கே போக வேண்டும், எது ஒரு நாள் பொறுக்கும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். அந்த விவரம் வருமாறு:-

ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?

கண்ணில் கறுப்பாகத் தெரிகிற பகுதிக்கு மேலே கண்ணாடி போல ஒரு தோல் இருக்கிறது. அதுதான் கருவிழிப் படலம். வாட்ச்சுக்கு மேல் கண்ணாடி இருக்கிற மாதிரி. அரை மில்லி மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம்தான். அதில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் கிருமி உள்ளே போக வாசல் திறந்த மாதிரி ஆகிவிடும். கிருமி தங்கினால் புண். புண் ஆறினாலும் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு. தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை அவ்வளவுதான்.

நேபாள நாட்டில் பக்தபூர் மாவட்டத்தில் இதுபற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2001-ம் ஆண்டு வெளியானது. கருவிழியில் சிராய்ப்பு விழுந்த 442 பேருக்குக் கிராமத் தொண்டர்கள் மூலம் 3 நாட்கள் ஆன்டிபயாடிக் களிம்பு போடப்பட்டது. விலை குறைந்த சாதாரண களிம்புதான்.

அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அதில் ஒருவருக்குக் கூட புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 109 பேர். அதில் 4 பேருக்குப் புண் வந்தது. ஒரு நாள் தாண்டி இரண்டாம் நாள் வந்தவர்கள் 49 பேர். அதில் 14 பேருக்குப் புண்!

மருந்து ஒன்றுதான். சிராய்ப்பும் ஒரே மாதிரிதான். வந்த நேரம்தான் வேறு. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சின் விலை இதுதான்.

நம்ம ஊர் நிலைமையும் இதேதான். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு 1994-ம் ஆண்டு 3 மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 65 பேர் முதலில் கண்ணில் ஏதாவது பட்டு, சிராய்ப்பு ஏற்பட்டவர்கள். பரிசோதனையில் கிருமி பிடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பூஞ்சைக் கிருமி. செடி, கொடி, மண் பட்ட காயத்தில் வருவது இந்தப் பூஞ்சை. ஒருமுறை பிடித்துவிட்டால் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை மருந்து ஊற்ற வேண்டி வரும். வாரக்கணக்கில் சிகிச்சை இழுக்கும்.

நிமிஷக் கணக்கு: சுண்ணாம்பு, சிமெண்டு, ஆசிட்

இதில் மட்டும் டாக்டரை விட தண்ணீர்தான் முதலில். வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிள்ளைகள் கையில் வைத்து அமுக்கி விளையாடுவார்கள். அது பட்டென்று வெடித்து நேராகக் கண்ணில் பீச்சி அடிக்கும். சுண்ணாம்பும் சிமெண்டும் காரப் பொருள். ஆசிட் மேலோடு சுட்டு நிற்கும். சுண்ணாம்போ உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால் ஆசிட்டை விட சுண்ணாம்பு மோசம்.

என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் இருக்கிற குழாய்த் தண்ணீரோ, குடிதண்ணீரோ, பாட்டில் தண்ணீரோ எதுவானாலும் சரி. படுக்க வைத்து, இமையை இரண்டு விரலால் நன்றாக விரித்துப் பிடித்து, விடாமல் ஊற்ற வேண்டும். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு போதாது. கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். கழுவாத கண்ணில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இமைக்குள் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தால் ஈரமான சுத்தத் துணி முனையால் எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். பிள்ளை கத்துதே என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. ஆசிட்டுக்கு சோடா உப்பு, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தண்ணீர் மட்டும்தான். ஊற்றி முடித்ததும் நேராக ஆஸ்பத்திரி.

எருக்கம் பாலும் இதில் சேர்த்திதான். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும்போது பால் தெறித்துக் கண்ணில் படுவது உண்டு. முதலில் எரியும். பிறகு அந்தப் பாலே கண்ணை மரத்துப்போக வைத்துவிடும். வலி இல்லாமல் பார்வை மட்டும் புகை மூட்டம் போல மங்கும். வலி இல்லையே என்று நினைத்து இருந்துவிடக் கூடாது.

மணிக் கணக்கு: உள்ளே குத்திய காயம்

சிற்பிகள், கொல்லர்கள், மெக்கானிக்குகள் கவனிக்க வேண்டியது இது. உளியின் தலையை சுத்தியலால் அடித்து அடித்து காளான் மாதிரி விரிந்திருக்கும். அந்த விளிம்பிலிருந்து இரும்புத் துணுக்கு குண்டு மாதிரி பறக்கும். கடுகை விடச் சின்னதாக இருக்கும். வேகத்தில் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் காயமே தெரியாது. "டக்"கென்று ஏதோ பட்டது போல இருக்கும், கொஞ்சம் தண்ணி வரும், அவ்வளவுதான்.

உள்ளே போன இரும்பு சும்மா இருக்காது. அங்கேயே துருப்பிடிக்கும். அந்தத் துரு விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். மாசக்கணக்கு கழித்து "திடீர்னு பார்வை போச்சு" என்று வருவார்கள்.

அதனால் டாக்டரிடம் போகும்போது "தூசி விழுந்தது" என்று சொல்லக் கூடாது. "இரும்பு மேல இரும்பு அடிச்சேன், அப்ப பட்டுச்சு" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எக்ஸ்ரேயோ, சி.டி. ஸ்கேனோ எடுப்பார்கள். இன்னொரு முக்கிய விஷயம். கண்ணில் இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது. அந்த மிஷினின் காந்தம் இரும்பை இழுத்துக் கண்ணைக் கிழித்துவிடும்.

தூண்டில் முள், கம்பி, கண்ணாடித் துண்டு, பட்டாசு எதுவானாலும், கண்ணில் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. கழுவக் கூடாது. அழுத்திக் கட்டக் கூடாது. களிம்பு, சொட்டு மருந்து எதுவும் போடக் கூடாது. பேப்பர் டீ கப் ஒன்றை எடுத்து, கண்ணில் படாமல் எலும்பு மேல் நிற்கிற மாதிரி கவிழ்த்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, உடனே கிளம்ப வேண்டும். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கோணி இழுத்திருந்தாலோ, கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருந்தாலோ இதே அவசரம்தான். ஆபரேஷன் தேவைப்படலாம். எனவே கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும், டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடியே படாமல் திடீரென்று பார்வை போனால்...

அடிபட்டவர்களாவது பயந்து போவார்கள். அடிபடாமல், வலிக்காமல் பார்வை போகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள்.

ஒரு கண்ணில் லைட்டை அணைத்த மாதிரி திடீரென்று இருட்டாகிவிட்டால், விழித்திரைக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கலாம். மூளையில் ரத்தக் குழாய் அடைத்தால் பக்கவாதம் வருகிறது அல்லவா? இது கண்ணில் வருகிற பக்கவாதம். சில மணி நேரம்தான் கெடு. பி.பி., சர்க்கரை, புகைப் பழக்கம் இருப்பவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிஷம் இருட்டாகி மறுபடி தெரிந்துவிட்டாலும் விடக் கூடாது. அது அடுத்து வரப்போகிற பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிவது, ஒரு இமை தொங்கிப் போவது, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் பாதி தெரியாமல் போவது, இதோடு வாய் கோணுவது, கை கால் இழுப்பது எல்லாம் மூளை சம்பந்தப்பட்டது. 108-ஐ கூப்பிட வேண்டியதுதான்.

அடுத்து, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது. இருட்டில் கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம், திடீரென்று கொசுக் கூட்டம் பறப்பது போல கறுப்புப் புள்ளிகள், பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரைச்சீலை இறங்குவது போல மறைப்பு. விழித்திரை சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி உரிந்து வருகிறது என்று அர்த்தம். வலியே இருக்காது. திரை நடுப் பார்வையை மறைப்பதற்கு முன் ஆபரேஷன் செய்தால் நல்ல பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நடுவும் உரிந்துவிட்டால் பழைய பார்வை கிடைப்பது கஷ்டம். பெரிய மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் உஷாராக இருக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒன்றிரண்டு புள்ளி மிதப்பது வேறு. அதற்குப் பயப்பட வேண்டியது இல்லை.

சர்க்கரை நோயாளிக்கு கண்ணுக்குள் புகையோ, சிவப்பு நூலோ இறங்குகிற மாதிரி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

வாந்தி, தலைவலி... பித்தம் இல்லை, கண்!

40 வயது தாண்டிய பெண்களுக்கு அதிகமாக வருகிற கோளாறு இது. சாயங்காலத்திலிருந்து ஒரு பக்கம் மண்டையைப் பிளக்கிற வலி. குமட்டல், வாந்தி. பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு குடிப்பார்கள். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போடுவார்கள். கண்ணைப் பார்த்தால் அந்தப் பக்கம் சிவந்திருக்கும். பல்பைப் பார்த்தால் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். பார்வை மங்கும்.

கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் ஒரேயடியாக ஏறியிருக்கிறது. கண் நீர் அழுத்த நோயில் இது அவசர வகை. ஒரு நாள் தாமதித்தால் கூட பார்வை நரம்பு கெட்டுப்போகலாம். மருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, லேசர் வைத்து நீர் போக ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுவார்கள். வாந்தியோடு போகிறவர்கள் டாக்டரிடம் "கண்ணும் வலிக்குது, சரியா தெரியல" என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே போக வேண்டியவை

* கண்ணில் எது விழுந்தாலும் கழுவிய பிறகும் உறுத்தல், வலி, கூச்சம் நிற்காவிட்டால்

* கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால்

* சிவந்த கண்ணோடு வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, மங்கலோ சேர்ந்தால்

* இலவச முகாமிலோ வேறு எங்கோ கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணில் வலி, சிவப்பு, மங்கல் வந்தால். "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தான் செய்யும்" என்று இருக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஓட வேண்டும். உள்ளே சீழ் பிடித்திருந்தால் ஒரு ராத்திரி கூட தாங்காது

* பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்தால்

* காய்ச்சலோடு இமை வீங்கி, கண் முன்னால் பிதுங்கினால்

* வெல்டிங் வெளிச்சம் பார்த்துவிட்டு ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி வலித்தால். இது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும் என்றாலும், உள்ளே துணுக்கு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி ஊற்றுவது கருவிழியைக் கரைத்துவிடும்

கொஞ்சம் பொறுக்கலாம்

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். 1918-ல் மெட்ராசில் பரவியதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். உறுத்தல், பீளை, தண்ணீர் வடிதல் மட்டும் இருந்தால் தனித் துண்டு, தனித் தலையணை வைத்துக்கொண்டு, கையை அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவினால் போதும். மறுநாள் சாவகாசமாக டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் மங்கலோ, வலியோ, கூச்சமோ வந்தால் அது வெறும் மெட்ராஸ் ஐ இல்லை.

இமையில் கட்டி வந்தால் சுத்தத் துணியில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். வெள்ளை விழியில் வலி இல்லாமல் ரத்தத் திட்டு தெரிந்தால் பார்க்கத்தான் பயம். அடிபட்டு வராமல் இருந்தால் இரண்டு வாரத்தில் மறையும். பி.பி. மட்டும் பார்த்துவிட வேண்டும். கண் துடிப்பது தூக்கமின்மையாலும் களைப்பாலும் வருவது. நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை.

பிள்ளைகளின் கண்மணி போட்டோவிலோ, வெளிச்சத்திலோ வெள்ளையாகத் தெரிந்தால் அன்று ராத்திரியே ஓட வேண்டாம். ஆனால் அந்த வாரத்துக்குள் காட்டியே ஆக வேண்டும். கண்ணில் வருகிற புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் உயிரையும் காப்பாற்றலாம்.

செய்யவே கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், பச்சிலைச் சாறு எதுவும் அடிபட்ட கண்ணில் ஊற்றக் கூடாது. நாக்கால் தூசி எடுப்பது, தீக்குச்சி முனையில் சேலை நூலைச் சுற்றி எடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. வாயில் இருக்கிற அத்தனை கிருமியும் சிராய்ப்புக்குள் போகும். கண்ணைக் கசக்கினால் ஒரு சிராய்ப்பு பத்தாகும்.

எல்லாவற்றையும் விட ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று வாங்குவது. சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஊற்றின ஒரே நாளில் சிவப்பு வடிந்துவிடும். "ஆகா, கேட்டுடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு அது உரம் போட்ட மாதிரி. சிவப்பு குறைய குறைய புண் ஆழமாகும். வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த பழைய மருந்தும் கூடாது.

எங்கே போவது?

கண் டாக்டர் கிடைக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போனால் கழுவி, முதல் உதவி செய்து அனுப்புவார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டரில், திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கண் பிரிவு உண்டு. பெரிய ஆபரேஷன் என்றால் சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி. 1819-ல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இரண்டும் அரசு ஆஸ்பத்திரி என்பதால் ஏழைகள் பணத்துக்காகத் தயங்க வேண்டியது இல்லை. முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போகலாம். ஆனால் அட்டையைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். பின்னால் கொண்டு வந்து கொடுக்கலாம். ராத்திரி பஸ் இல்லை என்றால் 108. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தானே பைக் ஓட்டிப் போவது வேண்டாம்.

கண்ணாடியும் காலண்டரும்

கல் வேலை, வெல்டிங், கட்டிங் மிஷின் வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரண கூலிங் கிளாஸ் உடைந்து அதுவே கண்ணில் குத்தும். பக்கவாட்டிலும் மறைக்கிற, உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். வியர்க்குது, சரியா தெரியல என்று நெற்றியில் தூக்கி வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. விரிந்த உளித் தலையை அவ்வப்போது தேய்த்துச் சரி செய்தாலே பாதி ஆபத்து குறையும்.

இன்னொரு சின்ன வேலை. ஒரு கண்ணில் பார்வை போனால் மறு கண் சமாளித்துவிடும். நமக்கே தெரியாது. அதனால் வாரம் ஒரு தடவை சுவரில் தொங்குகிற காலண்டரை ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். நேற்று வரை தெரிந்த தேதி இன்று ஒரு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் கூலியை அடுத்த வாரம் ஓவர் டைம் பார்த்து சம்பாதித்துவிடலாம். போன கண்ணை எந்த வேலை பார்த்தும் சம்பாதிக்க முடியாது.